வீட்டு ஸ்விம்மிங் பூல் தண்ணீர் காலை வாரிய அனுபவம் உண்டா?

ஈசிஆர்வாசி:
போர் தண்ணீர்தான். அடியில் பதித்த டைல்ஸின் ஜாயிண்ட் வரை தெரிந்தது. மகள் பிறந்தநாளுக்கு முந்தின சாயங்காலம், பராமரிப்புக்கு வருபவர் "ஒரு ஷாக் கொடுத்துடலாம் சார்" என்று, அதாவது ஒரே மூச்சில் அதிக குளோரின், கால்சியம் ஹைப்போ என்ற குளோரின் தூளைக் கரைத்து ஊற்றினார். ஊற்றிய இடத்திலிருந்து பழுப்பு கிளம்பியது. நாங்கள் பார்த்துக்கொண்டே நிற்க, கொஞ்ச நேரத்தில் குளம் முழுக்க டிகாஷன். "சாக்கடை கலந்துடுச்சா?" என்றார் மாமியார்.

இரும்பு. கரைந்திருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது, குளோரின் பட்டதும் துருவாகிவிடும். விடிய விடிய ஃபில்டரை ஓட்டி, பேக்வாஷ் செய்து பார்த்தும் தெளியவில்லை. பார்ட்டி மொட்டை மாடியில் நடந்தது. அந்தப் பராமரிப்புக்காரர் மட்டும் தண்ணீர் டெஸ்ட் கிட்டைக் காட்டி "பிஎச் 7.4, எல்லாம் கரெக்டா இருக்கு சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிஎச் சரிதான்! அந்த கிட்டில் இரும்புக்கு டெஸ்டே கிடையாது.

கோவைக்காரன்:
உங்களுக்காவது கண்ணுக்குத் தெரிந்ததுங்க. எங்கள் பண்ணை வீட்டில் டிபிடி மாத்திரை (குளோரின் இருந்தால் டெஸ்ட் தண்ணீரை ரோஸ் ஆக்குவது) போட்டால் நிறமே வரவில்லை. குளோரின் சுத்தமாக இல்லை என்று மேலும் கொட்டினார்கள். மறுநாளும் அதே கதை, மறுபடி கொட்டினார்கள். அண்ணன் பையன் குளித்துவிட்டு ஏறினால் கருநீல டிரவுசர் திட்டுத் திட்டாக வெளுத்திருக்கிறது, கண் இரண்டும் சிவப்பு.

மாத்திரை கரையும்போது ரோஸ் நிறம் ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டு மறைந்ததை நான் பார்த்தேன். சொன்னேன். "அது ஒண்ணும் இல்லீங்க" என்றுவிட்டார் அந்த ஆள். குளோரின் எக்கச்சக்கமாக இருந்தால் அந்தச் சாயத்தையே வெளுத்துவிடும், அதுதான் விஷயம். அப்புறம் ஒரு பங்கு குளத்துத் தண்ணீரோடு ஒன்பது பங்கு கேன் தண்ணீர் கலந்து பார்த்தோம். அடர் ரோஸ். அந்த அளவைப் பத்தால் பெருக்க வேண்டும், நினைத்துக்கொள்ளுங்கள்.

பழைய_பம்ப்:
இரண்டு பேருமே கிட்டைத் திட்டுகிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. போன அக்னி நட்சத்திரத்தில் எங்கள் கிட் 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் மூன்று பங்கு) குளோரின் காட்டியது, குளமோ பாசிப் பச்சை. கிட் சரியாகத்தான் சொன்னது. குற்றவாளி மிதவையில் போடும் ட்ரைகுளோர் என்ற குளோரின் மாத்திரை. அதோடு சயனூரிக் ஆசிட்டும் இறங்குகிறது. 10 பிபிஎம் குளோரினுக்குச் சுமார் 6 பிபிஎம் சேரும். வெயிலில் குளோரின் போய்விடாமல் காக்க 30 முதல் 50 வரை நல்லது. நூறைத் தாண்டினால் குளோரினைக் கட்டிப்போட்டுவிடும். அது ஆவியாகாது, ஃபில்டரிலும் நிற்காது. பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுசு விடுவதுதான் வழி. ஆல்கலினிட்டியை 80-120க்குள் வையுங்கள், இல்லையென்றால் பிஎச் ஆட்டம் காட்டும். பிஎச் 8க்கு ஏறினால் குளோரினின் வீரியமான பங்கு கால்வாசிக்கு இறங்கிவிடும். மூக்கைத் துளைக்கிற குளோரின் வாடை வந்தால் குளோரின் அதிகம் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் பற்றாக்குறை. வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரமின் ஆனதுதான் அப்படி நாறும். பிஎச்சைக் குறைக்க விடும் ஆசிட்டைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. பம்ப் ஓடும்போது ஊற்றுங்கள். டெஸ்டுக்கு முழங்கை ஆழத்திலிருந்து தண்ணீர் எடுங்கள்.

ஈசிஆர்வாசி:
சார், நான் மாத்திரையே போடுவதில்லை. கேட்டது அனுபவம்.

மஞ்சள்_வாளி:
மாத்திரை என்றதும் ஞாபகம் வந்தது. ட்ரைகுளோர் தூள் ஒட்டியிருந்த வாளியிலேயே தோட்டக்காரர் ஹைப்போவைக் கொட்டிவிட்டார். புஸ்ஸென்று ஒரு சத்தம், மஞ்சளாகப் புகை. வாளியை விட்டுவிட்டு ஓடிவந்தார், அன்று முழுக்க இருமல். வாளியின் அடி உருகிக் கிடந்தது. இரண்டுமே குளோரின்தானே என்று அவர் கேட்டதற்கு எங்கள் வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை.

பழைய_பம்ப்:
தீயே பிடித்திருக்கும். தனித்தனி அகப்பை வேண்டும், ஒரே அலமாரியில் வைக்கவும் கூடாது. ஈசிஆர் சார், நீங்கள் அடுத்த தடவை லாரி தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

ஈசிஆர்வாசி:
லாரிக்காரர் எங்கே நிரப்புகிறார் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் தெருக்கோடி போரில்தான்.