பக்கத்து வீட்டு சமோவா தாத்தா: உங்க அனுபவத்தையும் போடுங்க

மாங்கரே வாசி:
நியூசிலாந்துல, சவுத் ஆக்லாந்துல இருக்கற நம்மாளுங்க எல்லாருக்கும் பக்கத்துல ஒரு சமோவா (பசிபிக் தீவு நாடு) ஆளுங்க வீடு இருக்கும், அதனால பெருசா விளக்கல. எங்க பக்கத்து வீட்டுப் பெரியவர் போன மாசம் தவறிட்டார். சமோவாவோட சவாயீ தீவுல இருந்து 70கள்ல வந்தவர், பகல்ல இறைச்சி ஃபேக்டரி, ராத்திரி சிட்டில ஆபீஸ் கூட்டுற வேலை, அதுலயே ஊருக்கும் பணம் அனுப்பி புள்ளைங்க அத்தனை பேரையும் ஆளாக்கினார். ஞாயித்துக்கிழமை கொல்லைல உமு அடுப்பு போடுவார், கல்லை சூடாக்கி இலை மூடி வேக வைக்கறது. தாழ்வான பலகைல ரெண்டு பக்கமும் கால போட்டு உக்காந்து தேங்கா துருவுவார், பலகை முனைல நம்ம துருவில இருக்கற அதே பல்லு. எங்கம்மா ஊர்லருந்து வந்திருந்தப்போ அதைப் பாத்துட்டு நேரா போய் எதுத்தாப்புல உக்காந்துட்டாங்க. பேரன் பால் பிழிவான், அதை சேம்பு இலைல கட்டி வேகவெச்சா பலுசாமி.

அடக்கத்துக்கு முந்தின ராத்திரி உடம்ப வீட்டுக்குக் கொண்டு வந்து ஹால்ல வெச்சு, பெட்டிய சுத்தி மெத்தை போட்டு குடும்பமே படுத்துக்கிச்சு. கடைசி பேத்தி தன் போர்வைல பாதிய பெட்டிக்குள்ள போட்டு அவர் நெஞ்சு வரைக்கும் இழுத்து விட்டுட்டு தூங்கிடுச்சு. யாரும் எடுக்கல. இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. வந்தவங்கள வாழ வெச்ச நாடுன்னு சொல்றதுக்கு இவரே சாட்சி.

பஸ்ஸோட்டி:
கடைசி வரி மட்டும் ஒத்துக்க முடியாது ப்ரோ. 70கள்ல வந்தவர்னா டான் ரெய்டு பாத்திருப்பார். 1974ல ஆரம்பிச்சு விடியக்காலைல போலீஸ் பசிபிக் தீவுக்காரங்க வீட்டுக் கதவத் தட்டி விசா கேட்டுது, 76ல ரோட்டுல போறவங்களையே நிறுத்திக் கேட்டாங்க. 80கள் நடுவுல எடுத்த கணக்குல விசா முடிஞ்சும் தங்கினவங்கள்ல பசிபிக் ஆளுங்க மூணுல ஒரு பங்கு, ஆனா அதுக்காகப் போட்ட வழக்குல 86 சதவீதம் அவங்க மேலதான்! எங்க டெப்போல ஒரு சமோவா சீனியர், பேரப்புள்ளைங்க இங்க காலேஜ் படிக்குது, ஆனா சாப்பாட்டுப் பையில பாஸ்போர்ட் காப்பிய ஜிப்லாக் கவர்ல போட்டு வெச்சிருப்பார். ஒருநாள் கறி கொட்டி பையெல்லாம் நாறிப்போச்சு, அவர் மொதல்ல எடுத்துத் தொடச்சது அந்தக் கவரத்தான். ஏன்னு கேட்டேன், சிரிச்சுட்டு போய்ட்டார்.

ஓட்டஹுஹு அக்கா:
அரசியல் வேணாமே. எங்க சூப்பர்வைசரோட அப்பா, சர்ச்ல எனக்கு சீட் புடிச்சுக் குடுத்து விசிறியும் குடுத்தார், அவ்ளோதான் என் கதை. ஆனா இனிமே சமோவா சாவுக்குப் போறவங்க கவனிங்க: வெறுங்கையோட போகாதீங்க, கவர்ல பணம் வைங்க, அது குடும்பத்துக்கு நெஜமாவே உதவும். ஒக்காந்திருக்கறவங்க முன்னாடி போகணும்னா குனிஞ்சு "துலோ" (மன்னிக்கணும்னு அர்த்தம்) சொல்லிட்டுப் போங்க. தரைல உக்காந்தா காலை நீட்டாதீங்க, யார் பக்கமும் பாதம் காட்டக்கூடாது. பெரிய பாய்ங்கள விரிச்சுக் காட்டி ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்குக் குடுப்பாங்க, அப்போ குறுக்க போய் போட்டோ எடுக்காதீங்க, நம்ம பசங்க செய்யறாங்க. கிளம்பறப்போ சாப்பாடு கட்டிக் குடுத்தா வேணாம்னு சொல்லவே சொல்லாதீங்க. மாட்டுக்கறி சாப்பிடாதவங்கன்னா வாங்கிட்டு வந்து வேற யாருக்காவது குடுங்க. கருப்பு ட்ரெஸ்ஸா வெள்ளையான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க, குடும்பத்துக்குக் குடும்பம் மாறும்.

யாழ்ப்பெடியன்:
அக்கா, பாய் எண்டதும் ஞாபகம் வந்தது. நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்தில ஒரு சமோவா ஐயா இருந்தவர். 2021 ஆகஸ்ட் 1 ஆக்லாந்து டவுன் ஹோல்ல அப்ப பிரதமரா இருந்த ஜசிந்தா ஆர்டெர்ன் அந்த டான் ரெய்டுகளுக்கு அரசாங்கம் சார்பில மன்னிப்புக் கேட்டவா எல்லே, சமோவா ஆக்கள் மன்னிப்புக் கேக்கிற முறைப்படி அவவுக்கு மேல பாயை மூடி வச்சவை. ஐயாட மகளும் பேரப்பிள்ளையளும் டிவிக்கு முன்னால ஒரே அழுகை. ஐயா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, கிட்டப் போய், பாயைத்தான் பாத்தவர். நல்ல நெசவு, எந்த ஊர்ப் பொம்பிளையளின்ர கையெண்டு மகளிட்ட விசாரிச்சவர். மன்னிப்பைப் பற்றி ஒரு கதையும் இல்லை. பேரன் கேட்டதுக்கு, தேத்தண்ணி ஆறுது எண்டவர்.

பஸ்ஸோட்டி அண்ணை சொன்னது சரி. "அரசியல் வேணாம்" எண்டு சொல்லாதேங்கோ அக்கா, அந்த மனுசரின்ர வீட்டுக் கதவைத்தானே தட்டினவங்கள்.