ரிஸ்வானா லேப்டாப்புக்கு எந்த வாரண்டி?

குழு: பெரிய வீடு, கீழக்கரை
(ரிஸ்வானாவின் போனில்)

உம்மா, 4:12
இத்ரீஸ், ராம்நாட் கடைல லேப்டாப் பாத்தாச்சு. முதல் வருசம் கம்பெனியே ஆள் அனுப்பிப் பாக்குமாம். அதுக்கு மேல ரெண்டு வருசத்துக்கு அதே மாதிரி ஆள் வர்ற ஆன்சைட்னா 5,400, கூரியர்ல அனுப்புற வாரண்டின்னா 3,100. அஞ்சு மணிக்குள்ள சொல்லச் சொல்றாரு. எதப் போட?

சுல்தான் சாச்சா, 4:13
ஆன்சைட்

நூர் மாமி, 4:13
கூரியர் போதும். வருசா வருசமா ரிப்பேர் ஆகப்போவுது

ஹாஜா மாமா துபாய், 4:15
அடுத்த மாசம் வர்றப்ப இங்கேருந்தே வாங்கிட்டு வர்றேன்னு சொன்னேன். யாரு கேக்குறா

சுல்தான் சாச்சா, 4:15
மச்சான் கொண்டாந்த வாசிங் மிசின்ல இப்ப கோழி முட்டை வைக்கிது 😂

நூர் மாமி, 4:16
மிசின் நல்ல மிசின்தான். பாக்க ஆளு இல்லாததுக்கு அவுக என்ன செய்வாக

இத்ரீஸ் மாமா, 4:21
லாத்தா, காச அப்புறம் பாப்போம். வாங்குறதுக்கு முன்னாடி கம்பெனி நம்பருக்குப் போட்டு, நம்ம பின்கோடு 623517-க்கு ஆன்சைட் உண்டா, எந்த ஊர்லேருந்து ஆள் வருவாங்கன்னு கேளுங்க. 'அடுத்த வேலை நாள்'னு போட்டிருப்பாங்க. அத நீங்க போன் போட்ட நேரத்துலேருந்து எண்ணிராதீங்க. மொதல்ல போன்லயே மிசினச் சோதிக்கச் சொல்லுவாங்க. எர்ரர் கோடு வாங்கி, இன்ன பார்ட்னு முடிவு பண்ணி, அந்தப் பார்ட் கைக்கு வந்த பிறகுதான் ஆள் கிளம்புவான். ஞாயிறு, லீவு கணக்குல வராது. பார்ட் மதுரைக்கு வந்துட்டாலும், கீழக்கரைக்கு ஒரே ஒரு புகார்தான் இருக்குன்னா ராம்நாட் பக்கம் இன்னும் ரெண்டு சேரட்டும்னு தள்ளிப்போடுவான். மெட்ராஸ்ல ஆன்சைட்ங்கறது வேற, நம்ம கரைல வேற

உம்மா, 4:22
அவ கோயமுத்தூர் ஹாஸ்டலுக்குல்ல போறா

இத்ரீஸ் மாமா, 4:26
அதுக்குத்தான் வர்றேன். பொம்பளப்புள்ளைக ஹாஸ்டல். டெக்னீசியன வார்டன் மாடிக்கு விடமாட்டாங்க. புகார் பதியும்போதே டிபார்ட்மென்ட் இல்லாட்டி விசிட்டர் ரூம் முகவரியைக் குடுக்கணும். ஒரு மேசை, பிளக் பாயிண்ட் இருந்தாப் போதும், கீபோர்டு, ஃபேன், மதர்போர்டு எல்லாம் அங்கயே மாத்திருவான். தெரியாத நம்பர்லேருந்து கூப்புடுவான். ரெண்டு மூணு தடவ எடுக்கலன்னா 'ஆள் கிடைக்கவில்லை'ன்னு கேஸ மூடிருவாங்க. இவ க்ளாஸ்ல போன சைலண்ட்ல போட்டுட்டு உக்காந்திருப்பா

ரிஸ்வானா, 4:27
🙄

நூர் மாமி, 4:28
இத்ரீஸ், மதுரைக்கு யாராச்சும் வர்றாகளா? சம்பந்தி வீட்டுக்குத் தொதல் அனுப்பணும் 2 கிலோ

சுல்தான் சாச்சா, 4:28
எந்தக் கடைத் தொதல்

நூர் மாமி, 4:29
வீட்டுல கிண்டுனது. உங்களுக்கு இல்ல

ரிஸ்வானா, 4:30
மாமா கூரியர்னா நானே பார்சல் கட்டணுமா?

இத்ரீஸ் மாமா, 4:37
சில கம்பெனி பெட்டி அனுப்பும், சிலது கட்டிவைக்கச் சொல்லி ஆள மட்டும் அனுப்பும். கேட்டுக்க. கட்டுறதுன்னா குமிழ் கவர் சுத்தி, சுத்திவர ரெண்டு இஞ்ச் மெத்தை வச்சு, பெட்டிக்குள்ள பெட்டியா வையி. துணியத் திணிச்சு அனுப்புனா மூலை அடிபட்டு வரும், அது 'கஸ்டமர் டேமேஜ்'னு எழுதுவாங்க. மூடுறதுக்கு முன்னாடி நாலு பக்கமும், ஸ்கிரீன் எரியும்போதும், சீரியல் நம்பர் ஸ்டிக்கரையும் போட்டோ எடு. சார்ஜர் கேட்டா மட்டும் வையி. மெமரி கார்டு, மவுஸ் டாங்கிள் பிடுங்கிரு. ஃபைல் எல்லாம் வெளி டிஸ்க்ல எடுத்துரு, போனா எந்த வாரண்டியும் திருப்பித் தராது.

இது முக்கியம்: மைக்ரோசாஃப்ட் கணக்குல நுழைஞ்சா புது மிசின் பலதுல டிஸ்க் தானாப் பூட்டிக்கும். போர்டு மாத்தி வந்தா 48 இலக்க மீட்பு எண் கேக்கும். அது அந்தக் கணக்குல இருக்கும், இப்பவே எழுதி வையி. எண் இல்லாட்டி ப்ராஜெக்ட் அம்புட்டும் போச்சு. ஆன்சைட்ல போர்டு மாத்துனாலும் இதே கதைதான்.

டச்பேட் தூக்குனாப்ல இருந்தா பேட்டரி உப்பிருக்குன்னு அர்த்தம். சார்ஜ் போடாத, கூரியர்லயும் அனுப்பாத. கம்பெனிக்குப் போன் போட்டு அதையே சொல்லு

சுல்தான் சாச்சா, 4:38
தம்பி சுருக்கமா

ஹாஜா மாமா துபாய், 4:40
இங்க வாங்குனா இண்டர்நேசனல் வாரண்டி உண்டு

இத்ரீஸ் மாமா, 4:43
ஹாஜா காக்கா, உண்டு, ஆனா மாடலுக்கு மாடல் மாறும். அங்க ஆன்சைட்னு வாங்குனது இங்க சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிட்டு வான்னு ஆகலாம். சில கம்பெனில வாரண்டிய நாடு மாத்த அந்த ஊர் பில்லோட விண்ணப்பிக்கணும். கீபோர்டு போனா அரபு எழுத்துப் போட்ட பார்ட் இங்க சட்டுனு கிடைக்காது

ஹாஜா மாமா துபாய், 4:44
சரிப்பா. நான் ஒண்ணும் சொல்லல

நூர் மாமி, 4:44
எப்பவும் இப்படித்தான். வீடு கட்டுறப்பவும் இதே பேச்சுதான்

உம்மா, 4:45
அத ஏன் இப்ப இழுக்குறீங்க. தண்ணி கொட்டுனா பாப்பாங்களா?

இத்ரீஸ் மாமா, 4:49
ரெண்டுலயும் பாக்கமாட்டாங்க. தண்ணி, கீழ விழுந்தது எல்லாம் ஆக்சிடென்ட் கவர், அது தனிக் காசு. உப்புக்காத்துல கெட்டாலும் பாக்கமாட்டாங்க. லீவுல வந்து கடப்பக்கச் சன்னல்ல வச்சு ஓட்டுனா, ஃபேன் அந்தக் காத்தையே உள்ள இழுக்கும். யூஎஸ்பி ஓட்டைல பச்சை பூத்திருந்தா போட்டோ எடுத்து 'துரு' னு தள்ளிருவாங்க. பேட்டரிக்கும் 3 வருசம்னு நம்பாதீங்க, பெரும்பாலும் ஒரு வருசம்தான்.

என்னக் கேட்டா இன்னைக்கு ரெண்டும் வேணாம். முதல் வருசம்தான் ஆன்சைட் இருக்கே. அது முடியறதுக்குள்ள எப்ப வேணாலும் கம்பெனிட்டயே நேரா நீட்டிக்க விடுவாங்க, பெரும்பாலும். அந்த 3,100 கம்பெனியோடதா, கடைக்காரர் தர்ற வேற யாரோட அட்டையான்னு கேளுங்க. கோவைல நேர்ல குடுக்கலாமான்னும் கேளுங்க. குடுக்கலாம்னா இவளுக்குக் கூரியரே போதும்

சுல்தான் சாச்சா, 4:50
அப்புறம் விலை ஏத்திட்டா? இன்னைக்கே ஆன்சைட் போட்டுரு மதினி

உம்மா, 4:52
ஒருத்தர் போடுங்கிறாரு ஒருத்தர் வேணாங்கிறாரு. நான் என்னத்தச் சொல்ல

இத்ரீஸ் மாமா, 4:53
பில்லுல சீரியல் நம்பர் இருக்கணும், அத மட்டும் விடாதீங்க. கம்பெனி சைட்ல அந்த நம்பரப் போட்டு வாரண்டி தேதி பாரு ரிஸ்வானா. கடைல கிடந்த மிசின்னா வாரண்டி மூணு மாசம் முன்னாடியே ஓட ஆரம்பிச்சிருக்கும். பில்லக் காட்டித் திருத்தலாம்

ரிஸ்வானா, 4:54
உம்மா வெள்ளிக் கலரே சொல்லுங்க

நூர் மாமி, 4:55
தொதலுக்கு யாரும் பதில் சொல்லலயே

உம்மா, 5:06
கடைக்காரர் போன எடுக்கல. நாளைக்கு ஜும்மா முடிஞ்சு போய் மிசின மட்டும் எடுத்துக்குறோம். மத்தத அங்க போய்க் கேட்டுக்கலாம்

சுல்தான் சாச்சா, 5:07
அதத்தான் நானும் சொன்னேன்