தானாகச் சுற்றும் சக்கரம்: பொய் என்று தெரிந்தும் ஏன் பார்க்கிறோம்?

கேள்வி:
ஆற்றலைப் புதிதாக உண்டாக்க முடியாது என்று பள்ளியிலேயே படித்தாகிவிட்டது. ஆனாலும் யாராவது காந்தத்தையும் சைக்கிள் சக்கரத்தையும் வைத்து "கரண்டே வேண்டாம், தானாகச் சுற்றும்" என்று வீடியோ போட்டால் கடைசிவரை பார்க்காமல் விட முடியவில்லை. பேட்டரியை எங்கே ஒளித்திருக்கிறான் என்று தேடுவதற்காகவே பார்க்கிறேன் போல. எனக்கு மட்டும்தான் இப்படியா? அப்புறம், பாஸ்கரர் சக்கரம் என்கிறார்களே, அது நிஜமா?

பதில் 1:
நிஜம்தான். 12ஆம் நூற்றாண்டில் கணித மேதை இரண்டாம் பாஸ்கரர் எழுதியிருக்கிறார். ஆரங்களுக்குள் துளையிட்டு, பாதியளவு பாதரசம் ஊற்றி அடைத்துவிட்டால் சக்கரம் தானே சுற்றுமாம். படத்தைப் பார்த்தால் யாருக்கும் நம்பத்தான் தோன்றும். இறங்கும் பக்கம் பாரம் விளிம்புக்குப் போகிறது, ஏறும் பக்கம் அச்சுக்குக் கிட்டே வருகிறது, அப்படியானால் இறங்கும் பக்கம்தானே ஜெயிக்க வேண்டும்? இதையே குண்டுகள் வைத்துச் செய்த சக்கரங்களும் உண்டு, அதில் இரண்டு பக்கமும் குண்டுகளை எண்ணிப் பாருங்கள். ஏறும் பக்கம் எப்போதும் கூடுதலாக இருக்கும். தூரத்தில் கிடைத்த லாபம் எண்ணிக்கையில் போய்விடும், கொஞ்சம் ஆடிவிட்டு நின்றுவிடும்.

பதில் 2:
எனக்குப் பிடித்தது மாட்டிக்கொண்ட கதைகள்தான். 1812இல் பிலடெல்பியாவில் சார்லஸ் ரெட்ஹெஃபர் என்பவர் இப்படி ஒன்றைக் காட்டிக் காசு பார்த்தார். சோதிக்க வந்தவர்களில் ஒருவருடைய மகன் பல்சக்கரத்தைக் கவனித்தான், பற்கள் தேய்ந்திருந்தது தப்பான பக்கம்! அதாவது இயந்திரம் அதை ஓட்டவில்லை, அதுதான் இயந்திரத்தை ஓட்டியிருக்கிறது. மனிதர் அசரவில்லை, நியூயார்க் போய்க் கடை விரித்தார். அங்கே நீராவிப் படகு ராபர்ட் ஃபுல்டன் வந்து, சத்தம் சீராக இல்லையே என்று சந்தேகப்பட்டுப் பலகையைப் பெயர்த்தால், உள்ளே ஒரு பட்டை சுவர் வழியாக மாடிக்குப் போகிறது. மாடியில் ஒரு தாடிக்காரக் கிழவர் ரொட்டியைக் கடித்துக்கொண்டே கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாராம். கூட்டம் இயந்திரத்தை உடைத்துப்போட்டது.

கேட்டவர்:
பல் தேய்ந்த பக்கத்தைப் பார்த்த பையன் பெரிய ஆள்தான். இனி வீடியோவிலும் அதைத்தான் பார்ப்பேன்.

பதில் 3:
எல்லோரையும் திருடனாக்கிவிடாதீர்கள். 1760களில் லண்டனில் ஜேம்ஸ் காக்ஸ் செய்த கடிகாரம் உண்மையிலேயே சாவி கொடுக்காமல் ஓடியது. காற்றழுத்தம் ஏறி இறங்கும்போது உள்ளே இருக்கும் பாதரசம் இடம் மாறும், அந்த அசைவே சாவி கொடுத்துவிடும். அவர் அதை நிரந்தர இயக்கம், அதாவது வெளியிலிருந்து ஆற்றல் வாங்காமல் ஓயாமல் ஓடுவது என்றே சொல்லிக்கொண்டார், ஆனால் வேலை செய்தது என்னவோ லண்டன் வானிலைதான். 1775இல் பாரிஸ் அறிவியல் அகாதமி நிரந்தர இயக்க விண்ணப்பங்களை இனி வாங்குவதில்லை என்று கதவை மூடிவிட்டது, நம் ஆட்கள் மட்டும் இன்னும் வீடியோ போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.