புதுப்பிப்பு: 2ஆம் துளை பேசிவிட்டது

என் 10 துளை சி ஸ்கேல் மவுத் ஆர்கனில் 2ஆம் துளையை இழுத்தால் (மூச்சை உள்ளே வாங்கி வாசித்தால்) அடைத்த மாதிரி கரகரவென்றுதான் சத்தம் வருகிறது, ரீடு (உள்ளே அதிரும் உலோகத் தகடு) போய்விட்டதா என்று மூன்று மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன். ரீடுக்கு ஒன்றுமில்லை. பழுது என் வாயில்தான்.

ஸ்ட்ராவில் கெட்டியான பானத்தை உறிஞ்சுகிற மாதிரி இழுத்துக்கொண்டிருந்தேன். கன்னம் ஒட்டி, நாக்கு பின்னால் எழும்பி, ஸ்வரம் தானாகவே கீழே வளைந்துவிடுகிறது. தாடையைத் தளர்த்தி, கொட்டாவி விடுவது போலத் தொண்டையைத் திறந்து, சும்மா மூச்சை மட்டும் உள்ளே இழுத்தேன். அந்தத் துளையின் 'ஜி' ஸ்வரம் சுத்தமாக வந்தது! 3ஆம் துளையை ஊதினாலும் அதே ஜிதான். இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தால், இழுக்கும்போது எவ்வளவு இறங்குகிறது என்று காதே சொல்லிவிடும்.

அப்புறம், கீழ் ஸ்தாயியில் எஃப், ஏ இரண்டையும் தேடி அலைந்தேன். அவை அங்கே கிடையவே கிடையாது. 2ஆம், 3ஆம் துளைகளை இழுத்து, பெண்ட் செய்துதான், அதாவது ஸ்வரத்தைக் கீழே வளைத்துத்தான், எடுக்க வேண்டுமாம். ஆக, பாடுபட்டு விட்ட அதே தப்பை இனி வேண்டுமென்றே செய்யப் பழக வேண்டும். என்ன கூத்து!

7ஆம் துளை இன்னும் குழப்புகிறது. 6 வரை ஒவ்வொரு துளையிலும் ஊதுவதைவிட இழுத்தால் மேல் ஸ்வரம், 7இலிருந்து ஊதினால்தான் மேல். அந்த இடம் வந்தாலே மூச்சு தடுமாறுகிறது. இப்போதைக்கு 6க்கும் 7க்கும் நடுவே மட்டும் தினமும் பத்து நிமிடம்.