நம்ம வீட்டுக் குழுவில் மிசிசிப்பி

கவிதா (ஜாக்சன், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம்): கவின் பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. வாசிப்பில் பின்தங்கியிருக்கிறானாம். ஏப்ரலில் மாநிலத் தேர்வு. தேறாவிட்டால் நாலாம் வகுப்பு கிடையாது 😟

செந்தில் மாமா: மூணாம் வகுப்புப் பிள்ளையைப் போய் ஃபெயில் ஆக்குவார்களா? இங்கே எட்டு வரை ஆல் பாஸ் அம்மா!

கவிதா: 2013-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள் மாமா. மறுபடி எழுத இரண்டு வாய்ப்பு உண்டு. அப்புறம்தான் நிறுத்துவார்கள்.

பெரியப்பா: செந்தில், அந்தச் சட்டத்தில் ஃபெயில் ஒரு பகுதிதான். பாலர் வகுப்பிலிருந்தே வருடத்துக்கு மூன்று முறை வாசிப்பைச் சோதிக்க வேண்டும், பின்தங்கினால் பெற்றோருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். அந்தக் கடிதம்தான் இது. ரொம்பப் பின்தங்கிய பள்ளிகளுக்குப் பயிற்றுநர்களை அனுப்பினார்கள். டீச்சர் பாடம் நடத்தும்போதே கூட இருந்து சொல்லிக்கொடுப்பார்கள். நாடு முழுக்க நடக்கும் நாலாம் வகுப்பு வாசிப்புத் தேர்வில் ஐம்பது மாநிலங்களில் மிசிசிப்பி 2013-ல் 49-வது இடம், 2024-ல் 9-வது. அத்தனை ஏழை மாநிலம்!

செந்தில் மாமா: தேறாதவனை மூணிலேயே உட்காரவைத்துவிட்டு நாலாம் வகுப்புக்குத் தேர்வு வைத்தால் மார்க் ஏறத்தானே செய்யும்?

பெரியப்பா: அங்கேயும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் அவனும் அடுத்த வருடம் நாலுக்கு வந்துதானே ஆக வேண்டும்? எனக்கு உறுத்துவது வேறு. எட்டாம் வகுப்பில் அந்த ஏற்றத்தைக் காணோம்.

அத்தை: புள்ளிவிவரம் இருக்கட்டும். பிள்ளை எங்கே தடுமாறுகிறான் கவிதா?

கவிதா: நேற்று 'ஸ்ட்ரீம்' என்று இருந்தது அத்தை. படத்தைப் பார்த்துவிட்டு 'ரிவர்' என்று வாசித்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறான். முன்பு இருந்த மாநிலத்தில் படத்தைப் பார்த்து ஊகிக்கத்தான் பழக்கினார்கள். இங்கே டீச்சர் படத்தைக் கையால் மூடிவிடுகிறார். ஸ்... ட்... ரீ... ம் என்று ஒலி ஒலியாகக் கூட்டச் சொல்கிறார்.

செந்தில் மாமா: எழுத்துக்கூட்டிப் படிக்கவா சட்டம்? 😂

பெரியப்பா: சிரிக்காதே. அந்த ஊகிக்கும் முறையைச் சில மாநிலங்கள் சட்டம் போட்டே தடுத்திருக்கின்றன. கவிதா, அங்கே இரவு ஏழு என்றால் இங்கே காலை ஆறரை. தினமும் வீடியோ காலில் வரச் சொல். முப்பது வருடம் இங்கிலீஷ் வாத்தியார் நான், சும்மாதானே இருக்கிறேன். படமில்லாத புத்தகமாக எடு.

கவிதா: சரி பெரியப்பா 🙏 ஆனால் திட்டக் கூடாது.

அத்தை: ஆறரைக்குத் தண்ணீர் மோட்டார் யார் போடுவது?

பெரியப்பா: செந்தில்.