சி டிரைவும் உபுண்டுவும்: குடும்பக் குழுவில்

அக்கா: மாமா, லேப்டாப்பில் விண்டோஸ் இருக்கட்டும், பக்கத்திலேயே உபுண்டு லினக்ஸும் போடலாம் என்று உட்கார்ந்தேன். சி டிரைவில் 200 ஜிபிக்கு மேல் காலி, ஆனால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஷ்ரிங்க் (சுருக்கு) கொடுத்தால் 18 ஜிபிதான் தருவேன் என்கிறது!

மாமா: காலி இருந்தால் மட்டும் போதாதும்மா, பார்ட்டிஷனின் (டிஸ்க்கைப் பிரித்த பகுதி, உன் சி டிரைவ் அப்படி ஒன்று) கடைசியில் இருக்க வேண்டும். பேஜ்ஃபைல் (ராம் போதாதபோது உதவுவது), ஹைபர்னேஷன் ஃபைல் (திறந்திருப்பதை அப்படியே சேமித்து அணைக்க உதவுவது) மாதிரி சிலதை விண்டோஸ் ஓடும்போது நகர்த்தாது, அதில் ஒன்று நடுவில் உட்கார்ந்திருந்தால் சுருக்குவது அதோடு நின்றுவிடும். இரண்டையும் அணைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்து பார். பேஜ்ஃபைலை அப்புறம் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

நான்: லைவ் யுஎஸ்பியில் (பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் கருவியைத் திறந்து, ஓரத்தை இழுத்துவிட்டால் ஆச்சே மாமா?

மாமா: ஆகும்டா. ஆனாலும் விண்டோஸ் பார்ட்டிஷனை விண்டோஸே சுருக்கட்டும், நான் அந்தக் கட்சி. விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்தால் ஜிபார்ட்டட் கைவிரித்துவிடும்.

அப்பா: என் போட்டோ எல்லாம் அதில்தானே இருக்கிறது??

அக்கா: வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்தாச்சுப்பா

அப்பா: திறந்து பார்த்தாயா

அக்கா: 😐 பார்க்கிறேன்

மாமா: அத்தான் கேட்டது சரிதான். பிட்லாக்கர் ரெக்கவரி கீயையும் பேப்பரில் எழுதி வை, பூட் செட்டிங் மாறினால் அதைக் கேட்டு நிற்கும்.

அக்கா: போட்டோ திறக்கிறது. ரீஸ்டார்ட்டும் ஆச்சு, இப்போது 140 ஜிபி வரை தருகிறது!!

மாமா: 80 எடு. பெட்டியில் எம்பி கணக்கில் கேட்கும், 81920 என்று அடி. கிடைத்த இடத்தை அன்அலகேட்டட் (எதற்கும் ஒதுக்காதது) ஆகவே விடு, நியூ வால்யூம் கொடுத்து புது டிரைவ் ஆக்காதே. ஹைபர்னேட்டோடு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போயிருக்கும், நல்லதுதான், அது இருந்தால் விண்டோஸ் முழுசாக மூடாது, லினக்ஸிலிருந்து சி டிரைவில் எழுத முடியாமல் போகும்.

நான்: ரூட் (சிஸ்டத்துக்கு), ஹோம் (நம் ஃபைல்களுக்கு), ஸ்வாப் (லினக்ஸின் பேஜ்ஃபைல்) எல்லாம் தனித்தனி பார்ட்டிஷனாகவா?

மாமா: 80 ஜிபிக்கு எதற்கு? ரூட் நிரம்பி வழியும், ஹோம் காலியாகக் கிடக்கும். லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவில் ஒரே பார்ட்டிஷன் போதும், ஸ்வாப்பை உபுண்டுவே ஒரு ஃபைலாக வைத்துக்கொள்ளும். ஃபேட்32-இல் சின்னதாக ஒரு ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் இருக்கும், அதை ஃபார்மட் செய்துவிடாதே, விண்டோஸின் பூட்லோடர் அதற்குள்தான் இருக்கிறது.

அக்கா: மாமா இன்ஸ்டாலரில் ஃப்ரீ ஸ்பேஸ் 85.90 ஜிபி என்கிறது, நான் 80தானே எடுத்தேன்? வேறு டிஸ்க்கைக் காட்டுகிறதா??

மாமா: அதே டிஸ்க்தான். கேபி, எம்பி, ஜிபி என்று ஒவ்வொரு படிக்கும் விண்டோஸுக்கு 1024, இன்ஸ்டாலருக்கு 1000. தைரியமாகப் போடு.