குழந்தைகளின் மலிவுக் கணினிக்கு எந்த நிரல்மொழி? அனுபவப் பகிர்வுகள்

பகிர்வு 1: நிரலாளர்

‘ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தின் எக்ஸ்ஓ கணினி 2007-ஆம் ஆண்டில் உற்பத்திக்கு வந்த பிறகு, அதற்கான மென்பொருள்களைச் சோதிக்கும் தன்னார்வலர்களுள் ஒருவனாகச் சில காலம் பணியாற்றினேன். 433 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 256 எம்பி நினைவகமும் மட்டுமே உடைய அக்கணினியில் குழந்தை பார்த்துப் பயன்படுத்தும் திரைச்சூழலான சுகர் இடைமுகம் பைத்தான் மொழியில் எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனியே பைத்தானைத் தொடங்கி, நூலகங்கள் எனப்படும் ஆயத்த நிரல் தொகுப்புகளையும் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்ததால், படத்தைச் சொடுக்கிய குழந்தை நெடுநேரம் காத்திருந்தது. வேகமாக இயங்கும் சி மொழியில் எழுதியிருக்கலாமே என்று உடன் பணியாற்றியவர்கள் வாதிட்டார்கள்.

ஆயினும் பைத்தானே பொருத்தமான தேர்வு என்று இன்றும் கருதுகிறேன். சி மொழியில் எழுதி, கணினிக்கு மட்டும் புரியும் வடிவத்திற்கு மாற்றிய கோப்பைத் திறந்து குழந்தையால் படிக்க இயலாது. பைத்தானிலோ இயங்குகிற கோப்பே படிக்கக்கூடிய மூலநிரலாகவும், அதாவது நிரலாளர் எழுதிய வரிகளாகவும், இருக்கிறது. மூலநிரலைக் காட்டுவதற்கென்றே அக்கணினியின் விசைப்பலகையில் ஒரு குறி இருந்தது. பைத்தான் நிரல்களை எழுதிப் பார்க்கும் பைப்பி என்னும் மென்பொருளில் எடுத்துக்காட்டு நிரல் ஒன்றின் எண்ணை மாற்றிவிட்டு, திரையில் நேர்ந்த மாற்றத்தை ஒரு சிறுவன் மறுபடியும் மறுபடியும் சரிபார்த்ததை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

மூலநிரலைப் படித்தால் மட்டும் போதாது, அதை மாற்றவும் பகிரவும் உரிமம் இடம் தர வேண்டும்; இதில் ஸ்குவீக் என்னும் நிரல்மொழியின் வரலாறு கவனத்திற்குரியது. கணினி அறிஞர் ஆலன் கேயின் குழுவினர் ஆப்பிள் நிறுவனத்தில் இருந்தபோது 1996-இல் வெளியிட்ட அம்மொழியின் மூலநிரல் அனைவருக்கும் கிடைத்தது. ஆனால் எழுத்துருக்கள், ஏற்றுமதி ஆகியவை பற்றிய நிபந்தனைகள் உரிமத்தில் இருந்தமையால், எவரும் மாற்றிப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளை வலியுறுத்தும் அமைப்புகள் அதை ஏற்கவில்லை. 2006-இல் ஆப்பிள், கட்டற்ற உரிமங்களுள் ஒன்றான அப்பாச்சி உரிமத்திற்கு இசைந்தது. பிற பங்களிப்பாளர்கள் பலரிடமும் மற்றொரு கட்டற்ற உரிமமான எம்ஐடி உரிமத்திற்கு எழுத்து மூலம் ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. ஸ்குவீக்கில் உருவான, குழந்தைகளுக்கான நிரலாக்க மென்பொருளான ஈடாய்ஸ் எக்ஸ்ஓ கணினியில் இடம்பெற்றதால், இந்தப் பணியை ஒதுக்கிவைக்க முடியவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பொருளையே குழந்தை பிரித்து மாற்றும் வசதியில் ஈடாய்ஸ் பைத்தானை விஞ்சியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பகிர்வு 2: அரசுப் பள்ளி ஆசிரியர்

மேலே எழுதியவரின் கருத்தை ஏற்கிறேன். வகுப்பறையில் கண்ட ஒன்றைச் சேர்க்கிறேன். 2012-இல் வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் சிறிய மலிவுக் கணினியைத் தமிழ்வழி மாணவர்களுக்காகப் பயன்படுத்தியபோது, நிரலின் தருக்கத்தைப் புரிந்துகொண்ட பிள்ளைகள்கூட ஆங்கிலப் பெயர்களின் எழுத்துக்கூட்டலில் தடுமாறினார்கள். பைத்தான் 3-இல் மாறிகளுக்கு, அதாவது மதிப்புகளைக் குறிக்கும் பெயர்களுக்கு, தமிழிலேயே பெயரிடலாம் என்று அறிந்ததும் ‘நீளம்’, ‘அகலம்’ என்று எழுதவைத்தேன். பரப்பளவைக் கணக்கிடும் நிரலை அவர்கள் உரக்கப் படித்தே பிழை திருத்தினார்கள். முந்தைய பதிப்பான பைத்தான் 2 இதற்கு இடம் தரவில்லை. ஆனால் பைத்தான் 3-இலும் கட்டளைச் சொற்களும் பிழைச் செய்திகளும் ஆங்கிலத்திலேயே இருந்தன. கட்டளைச் சொற்களையும் தமிழில் தரும் எழில் மொழி, பைத்தானின் மேல் கட்டப்பட்ட கட்டற்ற மென்பொருள் என்பதால், தொடக்க வகுப்பில் எழில், அதன் பின் பைத்தான் என்ற வரிசையையே நான் பரிந்துரைப்பேன். இவ்வரிசையை வகுப்பில் முயன்றவர்கள், மாணவர்கள் எந்த இடத்தில் தடுமாறினார்கள் என்பதை விரிவாக எழுதினால் அடுத்த ஆண்டுக்கான பாடத்தைத் திட்டமிட உதவியாக இருக்கும்.